இருபத்தாறு விநாடி

தராசின் சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி, இரண்டு கிலோ எழுநூற்று நாற்பதில் நின்றன. ஒன்பது நாளைக்கு முன் பிறந்தபோது மூன்று கிலோ நூறு. நர்ஸ் நோட்டைத் திறப்பதற்குள் தாய் கழித்து முடித்திருந்தாள். அவள் தையல்காரி, அரை அங்குலம், கால் அங்குலம் என்று நாள் முழுக்கக் கழித்துக்கொண்டிருப்பவள். முந்நூற்று அறுபது கிராம். கனத்த துணியில் தைத்த ஒரு முழுக்கைச் சட்டை அவ்வளவுதான் இருக்கும். மூத்த மகளும் ஒன்பதாம் நாள் இப்படித்தான் குறைந்திருந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. இருபத்து மூன்றாம் நாளுக்குப் பிறகு எடை பார்க்க அவள் இல்லை.

“மெஷின் சரியா இருக்கா சிஸ்டர்?” என்றார் கணவர், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். அறையில் வரிசையே கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கை கழுவும் தொட்டி. ஆனால் அவர் வீட்டில் சீப்பு கேட்பதும் அந்தக் குரலில்தான். கம்பெனி கம்பெனியாகப் போய், எப்படிப் பேசுவது, எப்படி ஜெயிப்பது என்று வகுப்பெடுப்பவர். அவருடைய அட்டையில் ‘சொல்லால் உயர்த்துபவர்’ என்று போட்டிருக்கும். தெருவில் அவர் பெயர் மைக்.

“மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். பால் எப்படிம்மா குடிக்கிறான்?”

“பிரமாதமா குடிக்கிறான்! ஒரு மணி நேரம் ஆனாலும் விடமாட்டான். இந்த வயசுல என்ன ஒரு விடாமுயற்சி!”

“குடுக்கிறது நீங்களா சார்?”

மைக் சிரித்துவிட்டு வழிவிட்டார். தாய், “குடிக்கிறான் சிஸ்டர்” என்று மட்டும் சொன்னாள். கொடுக்கும்போது வரும் வலியைச் சொல்லவில்லை. மூத்தவள் பிறந்த சமயத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். “நாங்கல்லாம் புண்ணாப் போனாலும் சிரிச்சுக்கிட்டே குடுத்தோம்மா” என்றாள் நாத்தனார். அந்த வீட்டுப் பெண்கள் எதற்குத்தான் சிரிக்காமல் இருந்தார்கள்? குழந்தை போன பிறகு, பார்க்க வந்தவர்களிடம் அதே நாத்தனார் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தி, “அவளுக்குப் பால் பத்தல” என்று சொல்லி அனுப்பினாள். வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்த நாலு வார்த்தை இல்லை, மூன்றே வார்த்தை, ஆறு வருடமாக வீட்டை விட்டுப் போகவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போது பின்னால் வந்து நிற்கும்.

இன்னொன்றும் போகவில்லை. மூத்தவள் மார்பில் இருக்கும்போது ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம் வரும். குழாய் சொட்டினால், கணவர் பேனாவை அமுக்கினால், தையல் மெஷின் சக்கரம் ஓய்கிற கடைசிச் சுற்றில், எங்கும் அது வந்தது. இவன் பிறந்த இரண்டாம் நாள் அதே சத்தம் அவள் மார்பிலிருந்தே கேட்டது. மைக் கண் கலங்கிவிட்டார். “கேட்டியா? அவளே திரும்பி வந்துட்டாடி!”

“நல்லா குடிச்சா ஏன் சார் குறையுது?” என்றாள் நர்ஸ்.

“நான் சொன்னா நம்பமாட்டீங்க. கேளுங்க.” மைக் ஃபோனை எடுத்தார். “இருபத்தாறு விநாடிதான்.”

அந்த இருபத்தாறு விநாடி இல்லாமல் அவருடைய வகுப்பு முடிவதில்லை. கடைசியில் விளக்கை மங்கலாக்கச் சொல்வார். ஒலிபெருக்கியில் டிக், டிக் என்று வரும்போது, “இது என் மகள் பால் குடிக்கிற சத்தம். இருந்தது இருபத்து மூணே நாள். ஒரு நாள்கூட அவ பசியைக் கைவிடல. உங்களுக்கு அந்தப் பசி இருக்கா?” என்பார். மேலாளர்கள் மூக்கைச் சிந்துவார்கள். கண்ணைத் துடைத்த கையோடு கருத்துப் படிவத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தாய் ஒரே ஒரு முறை அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அதன்பின் அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவளுக்குத் தைக்க வேண்டியது நிறைய இருந்தது.

டிக்... டிக்... டிக்...

நர்ஸ் முதலில், எல்லாரும் ஃபோனில் போட்டுக் காட்டுவதற்குச் சிரிப்பதுபோலச் சிரித்தாள். பிறகு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “இன்னொரு தடவை போடுங்க.”

மைக்குக்குப் பெருமை. போட்டார்.

“இது இவனா?”

“இல்ல, என் மூத்த பொண்ணு. இவனும் அச்சு அசல் இதே மாதிரிதான்.”

“அவளுக்கு இப்ப என்ன வயசு?”

மேடையில் இதற்கு அவரிடம் அழகான வாக்கியம் ஒன்று உண்டு. இங்கே தாய்தான், “அவ இல்ல சிஸ்டர்” என்றாள்.

நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு குழந்தையின் நாக்குக்கு அடியில் விரலை விட்டுத் தூக்கினாள். “இங்க வந்து பாரும்மா.”

மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்கின் நுனிவரை வந்து, அதை வாயின் அடியோடு பிடித்துக்கொண்டிருந்தது. நுனி நடுவில் உள்வாங்கி இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. ஒரு தையல் தப்பாக விழுந்தால் துணி அப்படித்தான் சுருங்கும். தாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் நர்ஸ் சொன்னாள்.

“நாக்கு மேல எழும்பல. கவ்விப் பிடிக்க முடியல, வழுக்கி வழுக்கி விடுது. பிடி விடுற ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம்.”

“அது... குடிக்கிற சத்தம் இல்லையா?” மைக்கின் குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

“குடிச்சா காது வச்சாத்தான் சார் கேக்கும்.”

டாக்டர் வந்து பார்த்தார். இவனுக்கு இதை வெட்டிவிடலாம் என்றார். பாலைப் பீய்ச்சிக் கரண்டியிலும் கொடுக்க வேண்டும், இரண்டு நாளில் மறுபடி எடை பார்க்க வேண்டும். கத்தரிக்கோலைப் பார்த்து மைக் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தாய் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நூல் வெட்டுகிற நேரம்தான். இரண்டு சொட்டு ரத்தம், ஒரு வீறல், உடனே மார்பு.

வலி இருந்தது, பாதியாக. அவள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அந்த அமைதி அவளை முதலில் பயமுறுத்தியது. குனிந்து காதை வைத்தபோது, தூரத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல மெதுவாக, விழுங்கிக்கொண்டிருந்தான். கடைவாயில் வழிந்த பால் அவள் முழங்கைவரை ஓடியது. பத்தாத பால். அவள் துடைக்கவில்லை.

மைக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “அப்போ அவளுக்கும்...”

“சத்தத்தை வச்சு நாக்கைப் பார்க்க முடியாது சார்” என்றாள் நர்ஸ், தொட்டியில் கை கழுவியபடி. “நான் எப்படிச் சொல்றது?”

அவர் கையிலிருந்த ஃபோன் அடித்தது. நாளைய வகுப்பை ஏற்பாடு செய்தவர். பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தார். அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது: “சார், கடைசியில அந்தப் பாப்பா ஆடியோ உண்டுல்ல? எம்.டி. அதுக்காகவே கடைசிவரை உக்கார்றேன்னுட்டார்.”

“ஹலோ? சார்?” என்றது ஃபோன்.

“சொல்லுங்க” என்றாள் தாய். அவரைப் பார்த்துச் சொன்னாள். “குடிச்சாளா இல்லையான்னு கேக்கறாங்க.”

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தார். உள்ளே அந்த ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

குழந்தை மார்பை விட்டது. தலை பின்னால் சாய, பிறந்ததிலிருந்து முதன்முறையாக அதன் நாக்கு உதட்டைத் தாண்டி வெளியே வந்தது, பால் படிந்து, நுனியில் ஒரு சிவப்புப் புள்ளியோடு. கண்கள் அப்பாவின் தோளுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தில், எதன் மீதோ நின்றிருந்தன. மைக் திரும்பவில்லை. தாய் மட்டும் திரும்பி, ஆறு வயது மகள் ஒருத்தி நின்றிருக்கக்கூடிய அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.