மிசாவோவின் இடது கை

சிசூரு ஹமானோ அதுவரை பதினோரு ஜப்பானியப் படக்கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டாவதை மட்டும் பதிப்பகத்தை வற்புறுத்தித் தானே கேட்டு வாங்கினாள். மிசாவோ என்ற பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கதை அது. இடது கையால் குச்சி பிடித்துச் சாப்பிடுகிறாள் என்று அப்பா அவள் புறங்கையில் அடிக்கிறார். அந்த அடியிலிருந்துதான் கதையே கிளம்புகிறது. நீகாத்தாவில் சிறுமியாக இருந்தபோது சிசூருவும் அதே அடியை வாங்கியவள்.

சான் பிரான்சிஸ்கோவில், ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது பதிப்பகம். முதல் அச்சுப்படி வந்த அன்று அவள் பக்கத்தைப் புரட்டினாள். மிசாவோ வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவோ, "வலது கையால சாப்பிடு" என்று அடித்துக்கொண்டிருந்தார்.

தப்பு யாருடையதும் இல்லை. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாக ஓடும். அமெரிக்கர்களுக்கு அது ஆகாது என்று எல்லாப் பக்கங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சிடுவதே அந்தக் காலத்து வழக்கம். இத்தனை வருஷமும் அது அவளை உறுத்தியதில்லை. இந்தக் கதையில் மட்டும் அது கழுத்தை அறுத்தது.

பதிப்பாசிரியர் கார்டன் பிரெல்லிடம் போனாள். அவர் கெட்டவரல்ல, அவசரக்காரர்.

"அதுக்கென்ன, 'இடது கையால சாப்பிடு'ன்னு அப்பாவைச் சொல்ல வெச்சிடு. சரியாப்போச்சு."

"அப்ப ஊர்ல எல்லாரும் இடது கைக்காரங்க, இவ ஒருத்திதான் வலது கைக்காரியா? கார்டன், அப்படி ஒரு ஊர் இருக்கா?"

"படிக்கிறவன் கையையா பாக்கப்போறான்?"

"கதையே கைதானே."

திருப்பாமல் அப்படியே அச்சிடலாமே என்று கேட்டுப் பார்த்தாள். பின்னாலிருந்து தொடங்கும் புத்தகத்தைக் கடைக்காரர்கள் அச்சுப்பிழை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் அவர். கடைசியில், கை தெரியும் கட்டங்களை மட்டும் பழையபடி திருப்பி ஒட்ட அவளுக்கு இரண்டு வாரம் கிடைத்தது.

ஒட்டும் வேலை வெண்டெல் என்ற ஓவியனுடையது. கத்தியும் பசையுமாக மேஜையில் குனிந்தவன் நிமிரவே இல்லை. நாற்பத்தொரு கட்டங்கள். கை சரியாக வந்தது, மற்றதெல்லாம் கெட்டது. ஒரு கட்டத்தில் அப்பா ஜன்னல் பக்கம் இருந்தார், அடுத்ததில் கதவுப் பக்கம். மகளைப் பார்த்துத் திட்ட வேண்டியவர் சுவரைப் பார்த்துத் திட்டினார். பேச்சுகளும் இடம் மாறி, கேள்விக்கு முன்பே பதில் வந்து நின்றது.

வெண்டெல் கத்தியைக் கீழே வைத்தான். "இங்க இழுத்தா அங்க கிழியுது. நான் இந்தப் பக்கங்களைக் கெடுத்துக்கிட்டு இருக்கேன், சிசூரு."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வாய்விட்டு ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். புதன்கிழமை கார்டன் ஒட்டிய பக்கங்களைப் பார்த்தார். அவற்றை ஒதுக்கிவிட்டு, முதலில் முழுக்கத் திருப்பியிருந்த பக்கங்களையே எடுத்தார். அப்பா பேசும் இடத்தில் பேனாவால் அடித்துவிட்டு, "மெதுவா சாப்பிடு" என்று எழுதினார். கையைப் பற்றிய பேச்சு வந்த மற்ற இடங்களிலும் அப்படியே ஏதோ ஒன்றை நிரப்பினார். இடது கைப் பெண்ணின் கதை, அவசரமாகத் தின்னும் பெண்ணின் கதை ஆனது.

தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள் சிசூரு. அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றார் கார்டன்.

புத்தகம் நன்றாகவே விற்றது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். இரண்டு மாதம் கழித்து ஒஹையோவிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் வேகமாகச் சாப்பிட்டதற்கா ஒரு அப்பா மகளை இப்படி அடிப்பார், ஜப்பானில் அது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்டிருந்தாள்.

கார்டன் அதைப் படித்துவிட்டு, "நன்றின்னு ஒரு வரி போட்டு அனுப்பிடு" என்றார்.

சிசூரு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் நான்கு பக்கத்துக்கு எழுதினாள். மூலத்தில் அந்த அடி விழும் பக்கத்தைப் படியெடுத்து, எந்தக் கட்டத்தை முதலில் படிக்க வேண்டும் என்று எண் போட்டு உள்ளே வைத்தாள். அலுவலகத் தபாலில் போடாமல் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். அதில் கோபம் தணிந்ததா என்றால், இல்லை. திரும்பி வந்தபோது மிசாவோ கதையின் இரண்டாம் பாகத்துப் பக்கங்கள் மேஜைமேல் கிடந்தன, ஏற்கெனவே திருப்பப்பட்டு.