சென்ட் போல்ஸ் வாசலில் மட்டன் ரோல்ஸ்

பெண் பார்க்க வருகிறவர்களை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போவதுதான் அந்த நாளில் வழக்கம். ஏதோ தற்செயலாகச் சந்தித்ததுபோல இரண்டு பகுதியும் சாமிக்கு முன்னால் நின்று ஒருவரையொருவர் எடைபோடும். ஆனால் பொஸ்டனில் இருந்து வந்த குலசேகரம், “அண்ணை, எனக்குப் பழைய கட்டடங்களெண்டால் உயிர். லண்டனைச் சுத்திக் காட்டுங்கோவன்” என்று பாலேந்திராவிடம் போனில் கேட்டுவிட்டான். பாவம் பாலேந்திரா. எட்டு வருஷம் லண்டனில் இருந்தும் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டையும் வீட்டுக் கட்டிலையும் தவிர அவர் எதைக் கண்டார்? ஆனாலும் தங்கையின் கலியாண விஷயம். “அதுக்கென்ன தம்பி, லண்டனிலை எனக்குத் தெரியாத மூலையில்லை” என்று அடித்துவிட்டார்.

தங்கை தவமலர் விடியவே எழும்பி மட்டன் ரோல்ஸ் பொரித்தாள். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதன் சாப்பிடுவானா? சம்பந்தம் சரிவருமுன் பெண் வீட்டாரிடம் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தின் சட்டம். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாவிட்டால், ‘யோசிச்சுச் சொல்லுறம்.’ முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைமாரும் தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் யோசிக்கப் போனவர்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லண்டன் டவருக்கு முன்னால் நின்று, “இதைக் கட்டினது விக்டோரியா மகாராணி” என்று பாலேந்திரா தொடங்கினார்.

“அண்ணை, இது அவவுக்கு எழுநூறு வருஷத்துக்கு மேலை முந்தினது.”

“அப்ப அவவின்ரை பரம்பரையிலை ஆரோ ஒராள்” என்றார் பாலேந்திரா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

குலசேகரம் விழுந்து விழுந்து சிரித்தான். அதில் நக்கல் இருக்கவில்லை. கடைசியில் பாலேந்திராவும் சேர்ந்து சிரித்தார். “பொஸ்டனிலை முந்நூறு வருஷம் எண்டாலே பெரிய பழசு அண்ணை. பாக்கவேண்டிய இடங்களுக்கு நிலத்திலை சிவப்புக் கோடு போட்டிருக்கினம். அதைப் பிடிச்சு நடந்தாச் சரி.”

“இஞ்சை கோடு தேவையில்லை, நான் இருக்கிறன்” என்ற பாலேந்திரா, நேரே பிழையான தெருவுக்குள் திரும்பினார். சுற்றிச் சுற்றி அதே மதுக்கடை வாசலுக்கே மூவரும் திரும்பி வந்தபோது, “இதுவும் சரித்திர முக்கியமான இடமோ அண்ணை?” என்று குலசேகரம் கேட்டான். தவமலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே அவனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. இவன் வேண்டாமென்று போனால் அவனுக்கு நட்டமோ இல்லையோ, தனக்கு நட்டம் என்று முடிவே செய்துவிட்டாள்.

“ரோல்ஸ் இருக்கு தம்பி” என்று அண்ணன் நீட்டினார்.

“பிறகு பாப்பம் அண்ணை.”

அடுத்த இடத்திலும் அதே ‘பிறகு’. தவமலரின் தோளில் பை கல்லாய்க் கனத்தது.

சென்ட் போல்ஸ் தேவாலயப் படிகளில் ஏறும்போது அவள் தயங்கி நின்றாள். வேதக்காரரின் கோயில்தான், ஆனாலும் கோயில் கோயில்தானே. ஆட்டிறைச்சி மச்சத்தோடு எப்படி உள்ளே போவது? ஒருவருக்கும் சொல்லாமல் பையைத் தூணின் மறைவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கவிந்திருந்த அந்தப் பெரிய கூரையை அண்ணாந்து பார்த்தபடி, ‘யேசுவே, நீயாவது அந்த மனிசனைச் சாப்பிட வை’ என்று மனமுருக வேண்டினாள்.

வெளியே வரப்போனால் முன்படிகள் வெறிச்சோடிக் கிடந்தன. லண்டனிலும் அங்கங்கே குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கேயாவது ஆளில்லாத பை கிடந்தால் பொலிஸ் வந்து நிற்கும். மூவரையும் பக்கத்து வாசலால் இறக்கி, கயிறு கட்டிய வேலிக்கு அப்பால் சனத்தோடு நிறுத்தினார்கள். பொலிஸ் சூழ்ந்து நின்ற தூணைக் கண்டதும் தவமலருக்கு உயிரே போயிற்று.

“அண்ணா, அது என்ரை பை. மச்சம் எண்டு வெளியிலை வைச்சனான்.”

“பேசாம நில்லடி! விசாக் கேஸ் இன்னும் முடியேல்லை” என்று பாலேந்திரா அவள் கையைப் பிடித்தார்.

அவள் கையை உதறிக்கொண்டு போய்ப் பொலிஸ்காரரிடம் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: பை என்னுடையது, உள்ளே இறைச்சி, கடவுளின் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அவர் ஒன்றுக்கு மூன்று தரம் விசாரித்தார். பிறகு யார் யாரோ போய்ச் சோதித்துவிட்டு, பையை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். பைக்குள் திறந்து கிடந்த ரோல்ஸ் பெட்டியிலிருந்து கறிவேப்பிலையும் இறைச்சியும் சேர்ந்த வாசம் சனத்தின்மேல் அடித்தது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு தெருவே சிரித்தது. “இனி இப்படிச் செய்யாதீர்கள், அம்மா” என்று பொலிஸ்காரர் கண்டித்தார். அவருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது.

தவமலருக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. இனி என்ன, இந்த மானங்கெட்ட கதையோடு அவன் பொஸ்டனுக்குப் பிளேன் ஏறுவான். தலை குனிந்து பெட்டியை மூடப்போனாள்.

ஒரு கை குறுக்கே வந்து ஒரு ரோல்ஸை எடுத்தது.

குலசேகரம் அத்தனை சனத்துக்கும் நடுவில் நின்று அதைக் கடித்தான். மென்றான், விழுங்கினான், அடுத்ததையும் எடுத்தான். பாலேந்திரா வாயைப் பிளந்தார்.

“தம்பி... நீங்கள் எங்கடை சாப்பாட்டிலை கை வைச்சிட்டியள்.”

“தெரியும் அண்ணை” என்றான் குலசேகரம், வாய் நிறைய ரோல்ஸோடு. “தெரிஞ்சுதான் சாப்பிடுறன்.”

காலையிலிருந்து அவனோடு ஒரு சொல் பேசாத தவமலர், பெட்டியை அவன் பக்கம் நீட்டி, “இன்னுமொண்டு எடுங்கோ” என்றாள்.