டிராகன் கிண்ணத்தின் அடிப்பக்கம்

லண்டன் ஹரோவில் ஜெகதீஸ்வரி வீட்டு சோகேஸுக்குள் இடம் பிடிப்பதைவிட பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுப்பது சுலபம். பிளேஸ்டோவில் இருக்கும் தங்கை நகுலேஸ்வரி பாஸ்போர்ட்டை எப்போதோ எடுத்துவிட்டாள். சோகேஸ்தான் கைகூடவில்லை. அக்கா புதுவீட்டுக் குடிபூரலுக்கு அவள் கொடுத்த குத்துவிளக்கு, சோகேஸை எட்டிக்கூடப் பார்க்காமல் நோர்பரிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், அவர்கள் கையால் இவள் மகளின் பிறந்தநாளுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. சுற்றியிருந்த கடதாசி மட்டும் புதிது.

அன்று அவள் அழுதாள். பிறகு விளக்கை ஏற்றிவைத்தாள். விளக்கு என்ன பாவம் செய்தது?

இப்போது அக்காவுக்கு இருபத்தைந்தாவது கலியாண நாள். வெள்ளிதான் கொடுக்கவேண்டும். நகுலேஸ்வரியின் கணவன் சுபாஸ்கரன் வான் வண்டி வைத்துப் பழைய வீடுகளைக் காலிசெய்து கொடுப்பவன். ஒரு வீட்டில் ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று விட்ட பெட்டிக்குள் கறுத்துப்போன கிண்ணம் ஒன்று கிடைத்தது. அவள் திருநீறு போட்டுத் தேய்க்கத் தேய்க்க அசல் வெள்ளி வெளியே வந்தது. கிண்ணத்தைச் சுற்றி ஒரு டிராகன், மீசையும் நகமுமாகப் படுத்திருந்தது. அவள் மனம் குளிர்ந்துபோனது. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சீன எழுத்து.

“இஞ்சேருங்கோ, இது சீனச் சாமான்! அக்கா கவிட்டுப் பாக்காமல் விடுவாவோ? மேட் இன் சைனா எண்டு ஹரோ முழுக்கச் சொல்லித் திரிவா.”

“சுத்திவர டிராகன் கிடக்கு. சீனச் சாமான் எண்டு குருடனுக்கும் தெரியும்.”

“அதைக் கால் வைச்ச நாகம் எண்டு சொல்லலாம். எழுத்தை என்னெண்டு சொல்லுறது?”

வழியும் அவளுக்கே தோன்றியது. நம்மவர்கள் பாத்திரம் கொடுத்தால் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கந்தானே. பெயர் வெட்டிய சாமானை அக்காவால் யார் தலையிலும் கட்டமுடியாது. சீன எழுத்தைத் தேய்த்துவிட்டால் பெயருக்கு இடமும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நகைக்கடைப் பத்தர் அரத்தை எடுத்தார், சீனத்தை ஒழித்தார், ‘நகுலேஸ்வரி குடும்பம், பிளேஸ்டோ’ என்று கொட்டை எழுத்தில் வெட்டிக் கொடுத்தார். கேள்வி கேட்காத தங்கமான மனிதர்.

விழாவன்று கிண்ணத்தை முதலில் தூக்கியது ஜெகதீஸ்வரியின் மகள் மேனுஷா. ஏலக் கம்பெனி ஒன்றில் பழைய வெள்ளிச் சாமான்களைப் பார்ப்பது அவள் வேலை. அது என்ன வேலை என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. டொக்டர் இல்லை என்ற அளவில் மட்டும் தெரியும்.

“ஓ மை கோட், சித்தி! இது நூறு வருஷத்துக்கு மேலை பழசு. சீனாவிலை கையாலை செய்தது. மியூசியத்திலை வைக்கிற சாமான்!”

ஜெகதீஸ்வரியின் முகம் போன போக்கை நகுலேஸ்வரி ஆசைதீரப் பார்த்தாள். அத்தனை வருட வயிற்றெரிச்சலும் ஒரு நொடியில் ஆறியது.

மேனுஷா கிண்ணத்தைக் கவிழ்த்தாள். “அடியிலை செய்த ஆளின்ரை முத்திரை இருக்கவேணுமே. எங்கை?”

“என்ன முத்திரை?” என்றாள் நகுலேஸ்வரி, ஒன்றும் அறியாத பிள்ளைபோல.

“அந்தச் சீன எழுத்தோ, பிள்ளை?” என்றான் சுபாஸ்கரன். “சித்திதான் அரத்தாலை தேய்ப்பிச்சவ.” கேட்டதற்கெல்லாம் மழுப்பியே பழகிய மனிதன், உண்மை பேச அந்த நேரத்தைத்தான் தேடிப் பிடித்தான்.

மேனுஷா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “அது இல்லாட்டி ஆர் செய்தது, எப்ப செய்தது எண்டு ஒருத்தராலையும் உறுதியாச் சொல்லேலாது, சித்தி. விலையே போச்சு.”

சபையே சிரித்தது. நகுலேஸ்வரி கேக் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தாள். இந்தக் கிண்ணத்தை அக்கா எந்த மூலையில் எறிவாளோ என்று நினைத்து நினைத்து வெந்தாள்.

தைப்பொங்கலுக்கு ஹரோவுக்குப் போனபோது பார்த்தால், கிண்ணம் சோகேஸின் நட்டநடுவில், லைட்டுக்குக் கீழே இருந்தது. தலைகீழாக. டிராகன் குப்புறக் கிடக்க, மேலே ‘நகுலேஸ்வரி குடும்பம், பிளேஸ்டோ’ மின்னியது. வந்தவர்களுக்கெல்லாம் ஜெகதீஸ்வரி அதைக் காட்டி, அரம் வைத்த கதையை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நகுலேஸ்வரிக்குக் கண் கலங்கியது. “அக்கா, அதை நிமித்தி வையன்.”

“நிமித்தி வைச்சால் ஆர் தந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதே, தங்கச்சி!”