கமலாலயக் கரையில் பத்து நிமிடம்

"உங்களுக்கு என்கிட்ட ஏதாச்சும் கேக்கோணுங்களா?"

"இல்லீங்க."

"நான் போர்வெல் ரிக்கு வண்டிக்காரனுங்க. வருசத்துல பத்து மாசம் வடக்கதான் போர் போட்டுட்டுக் கெடப்பேன். மழைக்கு வண்டி திரும்புனாத்தான் ஊடு."

"தெரியுமுங்க. அப்பா சொன்னாரு."

"அப்பவும் ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பெண் பார்க்க வந்த பூபதியும் மோகனப்பிரியாவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பெரியவர்கள் வடைப் பிரசாதத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்த பத்து நிமிடத்துக்கு இருவரையும் கமலாலயக் குளக்கரைக்கு அனுப்பியிருந்தார்கள். கேட்க ஒன்று இருக்கத்தான் செய்தது. தொண்டை வரை வந்ததை, மடிப்புக் கலையாத அவனுடைய புதுச் சட்டையைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

இன்று அதே கரைப் பூங்காவில் இன்னொரு பத்து நிமிடத்துக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் மகள் அபிநயாவைப் பெண் பார்க்க கௌதமன் வந்திருந்தான். இருவரும் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கோட்டைப் பாறையின் நிழல் தண்ணீரில் கிடந்தது. அடுத்த பெஞ்சில் ஒரு கணவன், மனைவியின் தலையில் விழுந்திருந்த வேப்பம்பூவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மோகனப்பிரியா முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகனும் பள்ளி விடுதிக்குப் போன பிறகு, அவள் வீட்டில் ஒரு டம்ளர் அரிசி இரண்டு வேளைக்கு வருகிறது. பேச்சுக்குரல் வேண்டுமே என்று டிவி ஓடிக்கொண்டிருக்கும். குழிக்குள் துளையிடும் ராடு மாற்ற இன்ஜின் சத்தம் குறையும் நேரத்தில்தான் பூபதி கூப்பிடுவான். இன்ஜின் மறுபடி உறுமினால் பேச்சு முடிந்தது. சாப்பாடு, மகனின் படிப்பு, அதற்குமேல் அந்த இடைவெளியில் இடமில்லை.

நேற்றும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தான்.

"இந்த மழைக்கு வண்டி ஊருக்கு வரல பிரியா. நேரா ராஜஸ்தான் அனுப்பறேங்கறாரு முதலாளி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லோணும். உனக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்க."

அபிநயா செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேசியாச்சா சாமி?"

"ஆச்சுங்க அத்தை. அவரு பெங்களூர்ல இருக்காரு, நான் சேலத்துல. கல்யாணத்துக்கப்பறம் ஒரே ஊர்ல இருக்கோணும், முடியுமான்னு கேட்டேன்."

"எடுத்த எடுப்புலயேவா?"

"பின்ன, பேரன் பொறந்தப்பறமா கேப்பாங்க? நீங்க மாமாகிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

அபிநயா சிரித்தாள். பிறகு எதிரே இருந்த பாறையைக் காட்டினாள். "இந்தக் குளத்துல முழுகிட்டு வாரேன்னு ஆஞ்சநேயரு சாளக்கிராமக் கல்லக் கோயில் தாயார் கையில குடுத்துட்டுப் போனாருல்ல? சொன்ன நேரத்துக்கு வரலைன்னதும் அந்தம்மா கீழ வெச்சுட்டாங்க. அதுதான் வளந்து அந்த மலையாச்சு. நீங்க மட்டும் கை கடுக்கப் புடிச்சுட்டே நிக்கறீங்க அத்தை."

"வாயி ஆகாது உனக்கு. போ, உங்கம்மா காத்துட்டு இருப்பா."

அவள் கோயில் பக்கம் போய்விட்டாள். மோகனப்பிரியா போனை எடுத்து மணி பார்த்தாள். பதினொன்றே முக்கால். வேலை நேரத்தில் அவளாகக் கூப்பிட்டதே இல்லை. விரல் கொஞ்ச நேரம் அவன் பெயர் மேலேயே நின்றது. பிறகு அழுத்தினாள்.

"என்னாச்சு? பையனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?" இன்ஜின் சத்தத்துக்கு மேல் பூபதி கத்தினான்.

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க."

"போர் ஓடிட்டு இருக்குது பிரியா. அப்பறம் கூப்பிடறேன், வெச்சிடு."

"வெக்காதீங்க."

இந்தச் சொல்லை அவளிடமிருந்து அவன் கேட்டதில்லை. "டேய், ஆஃப் பண்ணுங்கடா," என்று யாரிடமோ சொன்னான். உறுமல் தணிந்து நின்றது. பன்னிரண்டு வருடங்களில் முதல்முறையாக, போனில் அவனுடைய மூச்சு அவளுக்குக் கேட்டது.

"சொல்லு சாமி."

"பொண்ணு பாக்க வந்தப்ப, குளத்தங்கரையில ஏதாச்சும் கேக்கோணுமான்னு கேட்டீங்கல்ல."

"அதுக்கென்ன இப்ப?"

அவள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. ஊட்டுக்கு வந்துருங்க, என்கூடவே இருங்க."