வெற்றிலைக் கறை

ரத்தத்துக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லி மாளாது. துணியில் லேசாகப் பட்டால் ஸ்பாட்டிங், இழுவினால் ஸ்மியர், கட்டிப்பட்டால் க்ளாட், தோலுக்கடியில் கன்றிப்போனால் ப்ரூஸ். அயர்லாந்துக்கு நர்ஸாகப் போவதற்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்பதால் நீது இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். போன தடவை அம்மா அம்மிணிக்கு ஆபரேஷன் என்று கடைசி நேரத்தில் பரீட்சையை விட்டுவிட்டாள். இந்தத் தடவை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வேலையையே விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி கேட்பது அப்பா சதாசிவன். பாறசாலையில் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்ததும் அவளுடைய போனை வாங்கி, மலையாளத்தில் இருக்கும் அர்த்தத்தை வாசிப்பார். அவள் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். தப்பினால் ஓணத்துக்கு எடுக்கும் புதுத்துணி, ஓணக்கோடி கிடையாது என்று மிரட்டுவார். எப்போதோ விட்ட வெற்றிலையைச் சமீபத்தில் மறுபடி தொடங்கியிருந்தார். வாய் முழுக்கச் சிவப்பு; தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டிலும் சிவப்பு.

"வயசான காலத்துல வெத்தில மேல என்ன கொதியோ," என்று அம்மிணி கிணற்றடியில் புருஷனைத் திட்டிக்கொண்டே தோர்த்தை அலசுவாள். ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. வெற்றிலைக் கறை லேசில் போகாது. இதுவோ தண்ணீரில் முக்கிக் கொஞ்சம் சோப்புப் போட்டதுமே விட்டுப்போனது. காட்டாக்கடைச் சந்தையில் புதிதாக வாங்கிய சோப்பு. பக்கத்து வீட்டு புஷ்பபாயிடமும் அதையே வாங்கச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் சதாசிவன் போனில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"இருமும்போ ரத்தம் வந்தா, அதுக்கு என்ன பேரு மக்கா?"

"ஹீமாப்டிசிஸ்."

"அது எதனால வரும்?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா. அடுத்ததக் கேளுங்க."

அவர் அடுத்ததைக் கேட்டார். நர்ஸுக்குப் படித்தவள், அந்த நேரத்தில் ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும்.

பரீட்சை எழுதிவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவளைக் கூட்டிப்போக அவர் ஆட்டோவோடு நின்றார்.

"நல்லா எழுதினியா?"

"எழுதினேன்."

பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி இருமினார். வாயில் வெற்றிலை இல்லை. இனி மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தோர்த்து சிவந்ததை அவள் பார்க்கும்படியே விட்டார்.

நீது வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். அம்மிணியும் பதறி வந்து சேர்ந்தாள். அவரை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் அம்மிணி அந்தத் தோர்த்தை ஆஸ்பத்திரிக் குழாயடியில் அலசினாள். வெறும் தண்ணீருக்கே கறை விட்டுப்போனது. குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

நுரையீரலில் கட்டி, நிறையப் பரவிவிட்டது என்றார் டாக்டர். ரத்தம் எப்போதிருந்து வருகிறது என்று கேட்டார்.

சதாசிவன் மகளைப் பார்த்தார். நீது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பெயர்கள் தெரிந்தவளுக்கு அந்தப் பதில் தெரியவில்லை.

அம்மிணி மடியில் ஈரத் தோர்த்தை மடித்து வைத்திருந்தாள்.

"நான் சோப்பு மாத்தின நாள் தொட்டாக்கும் டாக்டரே," என்றாள்.