ஆபிரகாமின் இருட்டு

1963 ஜூலையில் கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடிப்பில் சிக்கி மூன்று நாள் கழித்து மேலே வந்த ஆபிரகாம், எழுபத்தெட்டாவது லெவலின் இருட்டையும் கூடவே கொண்டு வந்தான். அவனைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு அது நின்றது. உச்சி வெயிலிலும் அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் அந்த எல்லையோடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் குறையில்லை, வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள் கிடக்கும் மரக்கிடங்கில் போட்டார்கள். தடவிப் பார்த்தே அளவு சொல்வான், ஒரு விரற்கடை பிசகாது. முதல் மாதம் தொழிலாளர் லைன் வீட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மாதம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததால் அவனை மறந்துவிட்டார்கள்.

மறக்காதவள் மணியம்மாள் ஒருத்திதான். அவள் புருஷன் துளசிராமன் ஆபிரகாமோடு அதே இடத்தில் சிக்கியவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக் குழாயைக் கல்லால் தட்டுவது அங்கே வழக்கம். உயிரோடு எத்தனை பேரோ அத்தனை தட்டு. தோண்டுகிறவர்கள் குழாயில் காது வைத்து எண்ணிக்கொள்வார்கள். மூன்று நாளும் இரண்டு தட்டு கேட்டது. சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் மணியம்மாள் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே கல் கூட்டிச் சோறு வடித்தாள், ஆறினதும் காக்காய்க்குப் போட்டுவிட்டு மறுபடி வடித்தாள். நான்காம் நாள் காலை ஆள் ஏற்றும் கேஜ் மேலே வந்தபோது ஒருவன்தான் உயிரோடு இருந்தான். துளசிராமன் பாறைக்கடியில் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விட்டான் என்றார் டாக்டர்.

ஆபிரகாம் செத்தவனையும் சேர்த்துத் தட்டியிருக்கிறான். கூட்டாளி போனதை அவன் மனசு ஒப்பவில்லை, பாவம் என்று ஊர் உச்சுக் கொட்டியது. மணியம்மாள் உச்சுக் கொட்டவில்லை. ஒரு தட்டு கேட்டிருந்தால் அன்றைக்கே மண்ணில் புரண்டு அழுது தீர்த்திருப்பாள். மூன்று நாள் ஆசை காட்டிக் கழுத்தறுத்துவிட்டான் என்றாள். அந்த மூன்று நாள் மூடாத கண்கள் அதன்பின் மூட மறுத்துவிட்டன. கையால் இமையை இழுத்துவிட்டாலும் திறந்துகொண்டன. பங்காருபேட்டை வைத்தியர் எண்ணெய் விட்டார், பேத்தமங்களாவில் ஒரு சாமியாடி வேப்பிலை அடித்தார், ஒன்றும் பலிக்கவில்லை. தூக்கமில்லாதவளுக்கு மாவாட்ட நேரம் நிறைய கிடைத்ததால் இட்லி வியாபாரம் மட்டும் நன்றாக நடந்தது.

தினமும் ஷிஃப்ட் முடிகிற இரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஆபிரகாம் வீட்டு வாசலில் போய் நின்று திட்டுவாள். கை விளங்காமல் போக, பேர் சொல்லப் பிள்ளையில்லாமல் போக என்று ஆரம்பித்தால் நிறுத்த அரை மணியாகும். அவன் பதில் பேசியதில்லை. ஜுரம் வந்த நாளிலும், அவள் வந்து வெறும் வாசலைப் பார்த்துத் திட்ட வேண்டாமே என்று, தவழ்ந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வான். இப்படி இரண்டு வருஷம்.

1965 மே மாதம் ஒரு நாள், திட்டினது போதாது, அவன் மூஞ்சியில் துப்புவது என்று முடிவு கட்டினாள். மூஞ்சி எங்கே என்று தெரியவில்லை. இரண்டடி உள்ளே போனாள். ஈரப் பாறையும் வெடிமருந்துப் புகையும் கலந்த வாடை அடித்தது. கண் மூடிக்கொண்டது. அவன் தோளிலேயே சரிந்து விழுந்தாள். அசைந்தால் இருட்டும் அசையும், வெளிச்சம் இவள் கண்ணில் விழும் என்று, மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் அவன் அப்படியே இருந்தான். வேலைக்குப் போகவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விழித்ததும் அவள் ஓர் அறை விட்டாள். குறி தப்பிக் காதில் விழுந்தது. "நாளைக்கும் வாங்க அண்ணி" என்றான். அதுதான் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

வந்தாள். முதலில் திட்டுவாள், பிறகு தூங்குவாள். நாளாக நாளாகத் திட்டு குறைந்து தூக்கம் நீண்டது. பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, காறித் துப்பப் போனவ காலை நீட்டிப் படுத்துக்குனு வர்ரே?" என்று கேட்டாள். "தூக்கம் வருது, படுக்கறேன். உனுக்கு இன்னா?" என்றாள் மணியம்மாள். ஆனால் விஷயம் தூக்கத்தோடு நிற்கவில்லை. தூக்கத்தில் அவன் தேம்புவதை அவள் கேட்டாள். அவன் உள்ளங்கையில் குழாய் தட்டிய தழும்பு மேடாக இருப்பதை விரல் கண்டுகொண்டது. அவள் முகத்தை அவன் தடவித் தெரிந்துகொண்டான். அண்ணி என்பது எப்போது மணி ஆனது என்று இருவருக்கும் நினைவில்லை. அவன் மேல் அவளுக்குப் பிரியம் வந்துவிட்டது. வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

1967 கடைசியில், கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டான்.

"கட்டிக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு பூட்டாருன்னு உனுக்கு எப்பத் தெரியும்?"

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே மாலை மாற்றியிருக்கலாம்.

"அப்பவே தெரியும். கையப் புடிச்சிக்குனுதான் இருந்தேன். சில்லுனு ஆயிடிச்சி."

"அப்புறம் ஏன்யா ரெண்டு தட்டுன?"

"ஒரு ஆளுக்குன்னா தோண்டாம வுட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன் மணி. நான் பொழைக்கத்தான் அவரையும் சேத்துத் தட்டுனேன்."

அப்படி எந்த வழக்கமும் அங்கே கிடையாது. ஒருவனுக்கும் பத்துப் பேருக்கும் ஒரே மாதிரிதான் தோண்டுவார்கள். பதினைந்து வருஷம் கீழே இறங்கியவனுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் அந்த ஆழத்தில், பக்கத்தில் பிணத்தோடு இருப்பவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

மணியம்மாள் எழுந்து போய்விட்டாள். நாற்பத்தொரு நாள் வரவில்லை. மறுபடி கண் திறந்தே கிடந்தது. அவன் தினமும் இரண்டு மணிக்கு நிலைப்படியில் உட்கார்ந்தான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பி நினைத்தாள். பயந்தாங்கொள்ளி, சுயநலக்காரன் என்று பல்லைக் கடித்தாள். ஆனால் துளசிராமன் சாகும்போது ஒரு கை அவன் கையைப் பிடித்திருந்தது, அதை இதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அந்த இடத்துக்கு நினைப்பு வரும்போதெல்லாம் அழுதாள். தானாக இருந்திருந்தால் எத்தனை தட்டியிருப்போம் என்றும் யோசித்தாள். அந்தக் கேள்வி அவளை ரொம்பப் படுத்தியது.

நாற்பத்திரண்டாம் நாள் பாயோடு வந்தாள். "மன்னிக்கல. எப்பவும் மன்னிக்க மாட்டேன். நவுரு, தூங்கணும்" என்றாள்.

1968இல் கோலாரில் பதிவுத் திருமணம் நடந்தது. குமாஸ்தா ரிஜிஸ்டரை இருட்டுக்குள் நீட்டினார், கையெழுத்தோடு திரும்பி வந்தது, மை காயட்டும் என்று ஊதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சொன்ன சொல்லில் மணியம்மாள் கடைசிவரை நின்றாள். துளசிராமன் செத்த நாளில் வருஷா வருஷம் காலையிலிருந்து ஆபிரகாமைத் திட்டுவாள், அவன் சோறு தண்ணி இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பான். பொழுது சாய்ந்ததும் அவளே ஊட்டிவிடுவாள்.

கல்தூசி நுரையீரலில் கட்டி 1975இல் ஆபிரகாம் செத்தான். பெட்டி தூக்கியவர்கள் கால் வைக்கும் இடம் தெரியாமல் தடுமாறினார்கள். புதைத்ததோடு இருட்டு போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது கல்லறை மேட்டின் மேல் ஒரு கை நீளத்துக்கு நின்றுவிட்டது. மணியம்மாள் பாயை அங்கே கொண்டுபோனாள். இந்துப் பொம்பளை கல்லறைத் தோட்டத்தில் பாய் விரித்துத் தூங்குவதாவது என்று பாதிரியார் ஒரு வாரம் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். மத்தியானம் போனால் சாயங்காலம் வரை அவள் தூங்குவாள். காவலாளி நாகேஷ் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்ட வேண்டும். இருட்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்டால் பீடி ஒன்று பற்றவைத்துக்கொண்டு, ஆறரைக்குப் பூட்டுவான்.