அக்கா வீட்டு அடுப்படி

ஆளில்லாத சமையலறைகளைப் படமெடுத்தே பேர் வாங்கியவள் அவள். வீட்டுக்காரியை வெளியே வரச் சொல்லிவிட்டு, அவள் நின்று நின்று தேய்ந்த தரையையும், கைபட்டுக் கறுத்த அலமாரிக் கதவையும் எடுப்பாள். "இதுல பொம்பளை எங்க?" என்று ஆரம்பத்தில் நக்கலடித்தார்கள். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்பாள். இருபது வருடத்தில் அந்தப் பதில் புத்தகங்களில் ஏறிவிட்டது.

அந்த வரிசையின் முதல் படம் அவளுடைய அக்காவின் சமையலறை. இருபதாண்டுக் கண்காட்சிக்காக அதைப் பெரிய அளவில் பிரதியெடுக்க, ஒரு காலையில் இருட்டறைக்குள் போனாள். சிவப்பு விளக்கடியில், டெவலப்பர் மருந்துத் தட்டில் காகிதம் மெல்லக் கறுத்தது. ஜன்னல் வந்தது, அடுப்பு வந்தது. அடுப்புக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்ணும் வந்தாள்.

நெகடிவைப் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவினாள். அதில் ஆளே இல்லை. புதுக் காகிதக் கட்டைப் பிரித்தாள். இரண்டாவது பிரதியிலும் அந்தப் பெண் நின்றாள், தலை மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது. அக்காவேதான். ஆனால் பின்னல் நரைத்திருந்தது. படமெடுத்த வருடம் அக்காவுக்கு ஒரு நரைகூடக் கிடையாது.

உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"எங்க இருக்கே அக்கா?"

"அடுப்படியிலதான். வேற எங்க இருப்பேன்?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "காலையிலேருந்து முதுகுக்குப் பின்னால யாரோ நின்னு பாக்கற மாதிரியே இருக்குடி. திரும்பினா யாரும் இல்ல."

"யார்கிட்ட இவ்ளோ நேரம் பேச்சு?" என்ற அத்தானின் குரலோடு இணைப்பு அறுந்தது.

மூன்றாவது பிரதியில் பாதி முகம். நான்காவதில் முழு முகம். கன்னத்தில் விரல் விரலாகக் கறுப்பு. மருந்துக் கறை என்று நினைத்து மறுபடி மறுபடி கழுவினாள். போகவில்லை. ஊரிலுள்ள பெண்களுக்காகவெல்லாம் பேசியவள் அக்காவிடம் ஒரு நாளாவது வாய்விட்டுக் கேட்டிருக்கிறாளா? ஐந்தாவதைத் தட்டில் போட்டாள்.

அதில் யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

திரும்பவும் கூப்பிட்டாள். அத்தான்தான் எடுத்தார். "உங்கக்கா எங்க தொலைஞ்சா? பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, அணைக்கக்கூட இல்ல!"

ஃபோனை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். முக்கால் மணி நேரத்தில் அக்கா வந்தாள். காலில் வீட்டுச் செருப்பு, கன்னத்தில் நான்கு விரல்.

"எதுக்குடி கூப்பிட்டே?"

"நான் கூப்பிடலையேக்கா."

"உன் குரல்தான். 'கொஞ்சம் வெளிய வாக்கா'ன்னு, காதுக்குப் பக்கத்துல."

இருபது வருடத்துக்கு முன்பு, படமெடுக்கும்போது அக்காவிடம் அவள் சொன்ன அதே வார்த்தைகள். 'நானும் நிக்கட்டுமா?' என்று ஆசையாய்க் கேட்டவளை அப்படிச் சொல்லித்தான் நகர்த்தினாள்.

அக்கா பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஈரம் காயாத ஐந்து பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தவள், "எல்லாத்தையும் மாட்டு" என்றாள். மாட்டினாள். கண்காட்சி நடந்த நாளெல்லாம் அக்கா நான்காவது படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இது யாரு?" என்று கேட்டவர்களிடம், "நான்தான்" என்றாள்.